வாசகர் கேள்விகள்: நாளுக்கு மூன்று கட்டம்

சென்ற இதழில் 'கன்னித்தீவு' பற்றி ஒரு வாசகர் கேட்டிருந்த கேள்விக்கு நான்கு வரியில் பதில் எழுதி முடித்துக்கொண்டது பலருக்கு நிறைவளிக்கவில்லை என்பது வந்து குவிந்த கடிதங்களிலிருந்து தெரிகிறது. நாளிதழ்களில் தினமும் இரண்டு, மூன்று கட்டங்களாக வெளிவந்த படத்தொடர்களைப் பற்றியே பெரும்பாலான கடிதங்கள் கேட்கின்றன. ஆகவே இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

முத்து காமிக்ஸில் வந்த இரும்புக்கை மாயாவியும் ராணி காமிக்ஸில் வந்த மாயாவியும் ஒரே ஆள்தான் என்று என் தம்பி சாதிக்கிறான். நான் இல்லை என்கிறேன். யார் சொல்வது சரி? — வாசகர், விருதுநகர்

நீங்கள் சொல்வதே சரி. ஆனால் தம்பியைக் குறை சொல்வதற்கில்லை. தமிழில் இருவருக்கும் ஒரே பெயரைச் சூட்டியவர்கள்தான் இந்தக் குழப்பத்துக்குக் காரணம்.

சிவகாசியிலிருந்து 1972-ஆம் ஆண்டு வெளிவந்த முத்து காமிக்ஸின் முதல் இதழில் தோன்றிய இரும்புக்கை மாயாவி, பிரிட்டனின் 'வேலியன்ட்' என்னும் சிறுவர் வார இதழில் 1962-இல் தொடங்கிய தொடரின் நாயகன். லூயிஸ் கிராண்டல் என்பது அவனுடைய பெயர். விபத்தில் இழந்த வலக்கைக்கு மாற்றாக எஃகுக் கை பொருத்தப்பட்டவன். உடலில் மின்சாரம் பாய்ந்தால் அந்தக் கையைத் தவிர மற்றதெல்லாம் மறைந்துவிடும். ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்த கதை அது. வார இதழுக்காகப் பக்கம் பக்கமாக வரையப்பட்டதே தவிர, நாளிதழ்த் தொடர் அன்று.

ராணி காமிக்ஸின் மாயாவியோ, ஆங்கிலத்தில் 'ஃபேன்டம்' என்றும் தமிழில் வேறு இடங்களில் வேதாளன் என்றும் அழைக்கப்பட்ட முகமூடிக்காரர். அவர் பிறந்த இடம் நாளிதழ்தான். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தைச் சேர்ந்த லீ ஃபால்க் கதை எழுத, ரே மூர் படம் வரைய, 1936 பிப்ரவரி 17 அன்று அத்தொடர் தொடங்கியது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1934-இல், மந்திரவாதி மாண்ட்ரேக்கையும் இதே ஃபால்க்தான் படைத்திருந்தார். இரண்டு தொடர்களுக்கும் 1999-இல் இறக்கும் வரை அவரே கதை எழுதிவந்தார். படம் வரைந்த கைகள் மாறின. எழுதிய கை அறுபது ஆண்டுகளுக்கு மேல் மாறவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய மாயாவி புத்தகம் ஏதேனும் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். மூன்று கட்டங்களுக்கு ஒரு முறை கதை சற்றே தடுக்கிவிழுந்து எழுவதைக் காண்பீர்கள். முதல் கட்டத்தில், நமக்கு ஏற்கெனவே தெரிந்த செய்தியை யாராவது ஒருவர் மறுபடியும் சொல்லுவார். நடுக்கட்டத்தில் கதை ஓர் அடி நகரும். மூன்றாம் கட்டத்தில் கதவு திறக்கும், அல்லது துப்பாக்கி வெடிக்கும், அல்லது யாரோ திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பார். நேற்றைய தாளைப் படிக்காதவருக்கு நினைவூட்டுவதற்காகவும், நாளைய தாளை வாங்கவைப்பதற்காகவும் செய்யப்பட்ட ஏற்பாடு அது. அந்தத் துண்டுகளை ஒட்டிப் புத்தகமாக்கியபோது அந்தத் தையல் அப்படியே நின்றுவிட்டது. சிறுவயதில் எனக்கு இது புரியாமல், மாயாவியின் ஆட்களுக்கெல்லாம் ஞாபக மறதி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

உலகின் முதல் படத்தொடர் எது? 'மஞ்சள் பத்திரிகை' என்ற சொல் அதிலிருந்து வந்தது என்கிறார்களே, உண்மையா? — வாசகர், திருச்சி

எது முதல் என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்றும் சண்டை உண்டு. படத்தைக் கட்டம் கட்டமாக வரைந்து கதை சொல்லும் வழக்கம் ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே இருந்தது. ஆனால் நாளிதழ் என்னும் வியாபாரத்தோடு ஒரு படப் பாத்திரம் பின்னிப் பிணைந்த கதையைச் சொல்ல வேண்டுமானால், நியூயார்க்கின் மஞ்சள் சிறுவனிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

ரிச்சர்ட் அவுட்கால்ட் என்ற ஓவியர், ஜோசப் புலிட்சரின் 'நியூயார்க் வேர்ல்ட்' நாளிதழில் 1895 முதல் நகரத்துக் குடிசைப்பகுதிச் சிறுவர்களின் அமளிகளைப் பெரிய படங்களாக வரைந்துவந்தார். அவற்றில் மொட்டைத் தலையும் பெரிய காதுகளும் கொண்ட ஒரு சிறுவன் கணுக்கால் வரை தொங்கும் இரவு அங்கியோடு நிற்பான். அந்த அங்கிக்கு 1896-இன் தொடக்கத்தில் மஞ்சள் நிறம் நிலைபெற்றது. அவன் பேசவேண்டியதெல்லாம் அந்த அங்கியின்மேலேயே கொச்சை மொழியில் எழுதப்பட்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை விற்பனை இவனால் ஏறியதைக் கண்ட போட்டிப் பத்திரிகை முதலாளி வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட், அதே ஆண்டு அவுட்கால்ட்டைக் கூடுதல் சம்பளம் கொடுத்துத் தம்முடைய 'நியூயார்க் ஜர்னல்' இதழுக்கு இழுத்துக்கொண்டார். புலிட்சர் சும்மா இருக்கவில்லை. ஜார்ஜ் லக்ஸ் என்ற வேறோர் ஓவியரை வைத்து அதே சிறுவனைத் தம் இதழில் தொடர்ந்தார். ஒரே நகரத்தில், ஒரே ஞாயிற்றுக்கிழமையில், இரண்டு தாள்களில் இரண்டு மஞ்சள் சிறுவர்கள்! அந்த இரண்டு பத்திரிகைகளும் பரபரப்புக்காக எதையும் எழுதத் துணிந்தவை என்பதால், அந்தப் போக்குக்கே மஞ்சள் பத்திரிகை என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஆகவே நீங்கள் கேள்விப்பட்டது உண்மையே.

பெயர் வந்த கதையைவிட, இந்தச் சம்பவத்தில் முளைத்த வழக்குத்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பாத்திரம் யாருக்குச் சொந்தம்? வரைந்தவனுக்கா, அச்சிட்டவனுக்கா? ஹெர்ஸ்டின் இதழில் 1897 டிசம்பரில் ருடால்ஃப் டர்க்ஸ் தொடங்கிய 'காட்சன்ஜாமர் கிட்ஸ்' தொடரில் இந்தக் கேள்வி நீதிமன்றத்துக்கே போனது. டர்க்ஸ் ஹெர்ஸ்டை விட்டு விலகியபோது, தொடரின் தலைப்பு ஹெர்ஸ்டுக்கு, அந்தக் குறும்புக்காரச் சிறுவர்களை வரையும் உரிமை டர்க்ஸுக்கு என்று பாகப்பிரிவினை நடந்தது. அதன் பிறகு பல பத்தாண்டுகளுக்கு, ஹான்ஸும் ஃபிரிட்ஸும் இரண்டு தாள்களில், இரண்டு தலைப்புகளின்கீழ், இரண்டு கைகளால் வரையப்பட்டு உலாவினார்கள்.

இவர்களையெல்லாம்விடச் சாமர்த்தியசாலி பட் ஃபிஷர். 'சான் பிரான்சிஸ்கோ கிரானிக்கிள்' இதழில் 1907 நவம்பரில் அவர் தொடங்கியதுதான், வாரத்தின் நாள்தோறும் வெளிவந்து நிலைத்த முதல் வெற்றித் தொடர். பிறகு 'மட் அண்டு ஜெஃப்' என்று புகழ்பெற்றது. வேலையை விட்டு ஹெர்ஸ்டிடம் போவதற்கு முன், தாம் கொடுத்த கடைசிப் படத்தின் மூலையில் பதிப்புரிமை தம்முடையது என்று தம் பெயரைச் சத்தமில்லாமல் எழுதிவிட்டுப் போனார். அந்த ஒற்றை வரி அவரைச் செல்வந்தராக்கியது.

ஒரே படத்தொடர் நூற்றுக்கணக்கான ஊர்களில் ஒரே நாளில் எப்படி வெளிவந்தது? இணையம் இல்லாத காலத்தில் இது எப்படி முடிந்தது? — வாசகி, ஈரோடு

சிண்டிகேட் என்னும் இடைத்தரகு நிறுவனங்களால் முடிந்தது. ஓவியர் ஒரு பத்திரிகைக்கு வரைவதற்குப் பதிலாக சிண்டிகேட்டுக்கு வரைவார். சிண்டிகேட் அதை ஊர்தோறும் உள்ள பத்திரிகைகளுக்கு விற்கும். பெரிய நகரத்துப் பத்திரிகை அதிக விலையும் சிற்றூர்ப் பத்திரிகை குறைந்த விலையும் கொடுக்கும். வரும் தொகையை ஓவியரும் சிண்டிகேட்டும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வது பொதுவான ஏற்பாடு. ஹெர்ஸ்டின் 'கிங் ஃபீச்சர்ஸ்' இவற்றுள் மிகப் பெரியது. மாயாவி, மாண்ட்ரேக், ஃபிளாஷ் கார்டன், பாப்பாய் எல்லோரும் அதன் பிள்ளைகள்.

ஓவியர் தடித்த அட்டையில், அச்சில் வரப்போகும் அளவைவிடப் பெரிதாக, கறுப்பு மையால் வரைவார். சிண்டிகேட் அந்தப் படத்திலிருந்து உலோக அச்சு எடுத்து, அதைக் காகிதக் கூழால் ஆன கெட்டியான தாளின்மீது அழுத்திப் பள்ளப்பதிவு ஒன்றை உருவாக்கும். எடை குறைந்த அந்தத் தாள் தபாலில் போகும். வாங்கும் பத்திரிகைக்காரர் அதன்மேல் ஈயத்தை உருக்கி ஊற்றினால், அச்சுக்கு ஏற்ற கட்டை அவருடைய ஊரிலேயே தயார். இத்தனை சுற்றுக்கும் நேரம் வேண்டும் என்பதால் ஓவியர் பல வாரங்கள் முன்கூட்டியே வரைந்து அனுப்பியாக வேண்டும். வண்ணத்தில் வரும் ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கு இன்னும் அதிக அவகாசம். மழைக்காலத்தில் மாம்பழம் தின்னும் காட்சியைக் கற்பனைசெய்து வரைகிற பிழைப்பு அது.

ஞாயிறு படத்தில் இன்னொரு தந்திரமும் உண்டு. இரண்டாம் உலகப்போரின் காகிதத் தட்டுப்பாட்டுக்குப் பிறகு, முழுப் பக்கம் கொடுத்துவந்த பத்திரிகைகள் அரைப்பக்கம், கால்பக்கம் என்று குறைத்துக்கொண்டே வந்தன. எந்தப் பத்திரிகை எவ்வளவு இடம் தரும் என்று தெரியாததால், மேல்வரிசைக் கட்டங்களை வெட்டி எறிந்தாலும் கதை கெடாதபடி அமைக்கும்படி ஓவியர்கள் நிர்ப்பந்திக்கப்பட்டார்கள். தாம் வரைவதில் ஒரு பகுதி குப்பைக்கூடைக்கு என்று தெரிந்தே வரைவது எவ்வளவு கசப்பானது என்பதை, கட்டுரையின் கடைசிப் பத்தியை இடமில்லை என்று பறிகொடுத்த எவரும் அறிவார்கள்.

பாப்பாய் பசலைக்கீரை தின்று பலம் பெற்றதால்தான் புகழடைந்தாரா? — ஏழாம் வகுப்பு மாணவி, தஞ்சாவூர்

இல்லை அம்மா. அவர் புகழடைந்த பிறகுதான் கீரை தின்னத் தொடங்கினார்!

எல்ஸி சீகர் என்ற ஓவியர் 1919-ஆம் ஆண்டு டிசம்பரில் 'திம்பிள் தியேட்டர்' என்றொரு தொடரைத் தொடங்கினார். ஒல்லியான ஆலிவ் ஆயில், அவளுடைய அண்ணன் காஸ்டர் ஆயில், அவளுடைய காதலன் ஹாம் கிரேவி ஆகியோரே அதன் முக்கியப் பாத்திரங்கள். ஒன்பது ஆண்டுகள் பாப்பாய் என்று ஒருவர் கிடையாது. காஸ்டர் ஆயில் கப்பல் பயணம் போக ஒரு மாலுமியைத் தேடியபோது, 1929 ஜனவரி 17 அன்று, துறைமுகத்தில் சும்மா நின்றுகொண்டிருந்த ஒற்றைக்கண் ஆசாமியாகப் பாப்பாய் வந்தார். அந்த ஒரு கதையோடு போகவேண்டியவர். வாசகர்கள் விடவில்லை. சில ஆண்டுகளில் தொடரே அவருடையதாகிவிட்டது. பாவம், ஹாம் கிரேவி காணாமலே போனார்.

தொடக்கத்தில் அவருடைய பலம், காஸ்டர் ஆயில் வைத்திருந்த அதிசயக் கோழி ஒன்றின் தலையைத் தடவியதால் வந்ததாகவே கதை. கீரை பிறகு வந்தது. 1933 முதல் வெளிவந்த ஃபிளைஷர் நிறுவனத்தின் அசைவுப்படங்கள் அதை உலகம் முழுவதும் பரப்பின. டெக்சாஸ் மாநிலத்தில் பசலைக்கீரை பயிரிடும் கிரிஸ்டல் சிட்டி என்ற ஊர் 1937-இல் பாப்பாய்க்குச் சிலையே வைத்தது. அடுத்த ஆண்டு சீகர் நாற்பத்து மூன்று வயதில் இறந்துபோனார். பாப்பாயை மற்றவர்கள் தொடர்ந்து வரைந்தார்கள். 1929-இல் வெளிவந்த அந்த முதல் பாப்பாய், 2025 ஜனவரி 1 முதல் அமெரிக்கச் சட்டப்படி எவரும் பயன்படுத்தக்கூடிய பொதுச்சொத்து. அதே 1929-இல் பிரஸ்ஸல்ஸ் நகரத்து நாளிதழ் ஒன்றின் சிறுவர் இணைப்பில் பிறந்த டின்டினுக்கும் அமெரிக்காவில் அதே நாளில் உரிமைக்காலம் முடிந்தது. ஆனால் அவனைப் படைத்த ஏர்ஜே 1983-இல் மறைந்த பிறகு, அவருடைய விருப்பப்படி, டின்டினின் புதிய சாகசம் எதையும் அவருடைய வாரிசுகள் வரையவிடவில்லை.

'பீனட்ஸ்' வரைந்த சார்லஸ் ஷுல்ஸ் தம்முடைய கடைசிப் படம் வெளிவந்த நாளுக்கு முந்தைய இரவு இறந்தார் என்று படித்தேன். இது உண்மைதானா, அல்லது கட்டிவிட்ட கதையா? — வாசகர், கோயம்புத்தூர்

உண்மை. ஷுல்ஸ் 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 12, சனிக்கிழமை இரவு, கலிஃபோர்னியாவின் சான்டா ரோசாவிலுள்ள தம் வீட்டில் காலமானார். அவர் வாசகர்களுக்கு எழுதிய விடைபெறும் கடிதத்தோடு கடைசி ஞாயிறு படம் மறுநாள் காலை வீடுகளுக்கு வந்தது. ஞாயிறு படங்கள் வாரக்கணக்கில் முன்னதாகவே அச்சுக்குப் போய்விடும் என்று மேலே சொன்னேன் அல்லவா? ஆகவே அது திட்டமிட்டு நடந்ததன்று.

மின்னபோலிஸ் நகரத்தில் 1922-இல் பிறந்த ஷுல்ஸின் தந்தை முடிதிருத்துநர். தொடரின் நாயகனான சிறுவன் சார்லி பிரவுனின் தந்தைக்கும் அதே தொழில். 1950 அக்டோபர் 2 அன்று ஏழே ஏழு பத்திரிகைகளில் தொடங்கிய தொடர், உச்சத்தில் 2,600 பத்திரிகைகளில் வெளிவந்தது. 'பீனட்ஸ்' என்ற பெயரைச் சூட்டியது சிண்டிகேட்; ஷுல்ஸுக்கு அந்தப் பெயர் கடைசி வரை பிடிக்கவேயில்லை. மொத்தம் 17,897 படங்கள். கதை, பென்சில் கோடு, மை, எழுத்து எல்லாம் அவர் ஒருவரே. மற்ற பெரிய தொடர்களில் பின்னணி வரைய ஒருவர், எழுத்துகளை இட ஒருவர் என்று உதவியாளர்கள் இருப்பது சகஜம். ஷுல்ஸ் தம் தொடருக்கு ஒருவரையும் வைத்துக்கொள்ளவில்லை. ஐம்பது ஆண்டுகளில் அவர் எடுத்த நீண்ட விடுமுறை, 75-ஆவது வயதையொட்டி 1997-இல் எடுத்த ஐந்து வாரம்தான்.

1981-இல் நடந்த இதய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவர் கையில் மெல்லிய நடுக்கம் நிலைத்துவிட்டது. அதன் பிறகு வரைந்த படங்களில் கோடுகள் அதிர்வதைத் தெளிவாகக் காணலாம். வேறொருவர் என்றால் உதவியாளரிடம் தூரிகையைக் கொடுத்திருப்பார். அந்த நடுங்கிய கோட்டை நான் குறையாக எண்ணுவதில்லை. சார்லி பிரவுனின் வட்ட முகத்தில் கண்ணாக வைத்த இரண்டு புள்ளிகளும் சற்றே நெளிந்த வாயும் அந்த நடுக்கத்தால் இன்னும் தவிப்பாகத் தெரிகின்றன. வயோதிகத்தில் தாத்தா எழுதிய கடிதத்தின் கையெழுத்தை யாராவது திருத்தி எழுதுவார்களா?

தமக்குப் பின் எவரும் இதை வரையக் கூடாது என்பதை ஷுல்ஸும் அவர் குடும்பத்தினரும் உறுதிப்படுத்திக்கொண்டார்கள். இன்று பத்திரிகைகளில் வருபவை எல்லாம் பழைய படங்களின் மறுபதிப்புகளே.

சார்லி பிரவுனின் நாய் ஸ்னூப்பி நிலவுக்குப் போனதா என்றும் நீங்கள் கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். 1969 மே மாதம் அப்பலோ 10 பயணத்தில் நிலவைச் சுற்றிவந்த தாய்க்கலத்துக்குச் சார்லி பிரவுன் என்றும், நிலவின் தரைக்கு மிக அருகே இறங்கித் திரும்பிய கலத்துக்கு ஸ்னூப்பி என்றும் விண்வெளி வீரர்கள் பெயரிட்டிருந்தார்கள். தரையைத் தொடவில்லை. கால்பந்தை உதைக்க ஓடிவந்து கடைசி நொடியில் ஏமாறும் சார்லி பிரவுனுக்குப் பொருத்தமான பயணம்தான்.

படைத்தவர் விலகிய பிறகு வேறொருவர் தொடர்வது சரியா? — வாசகர், புதுச்சேரி

வாசகனாக என் பதில்: பெரும்பாலும் சரியில்லை. ஆனால் இதை முடிவுசெய்வது ரசனை அன்று, ஒப்பந்தப் பத்திரம்.

மில்டன் கேனிஃப் 1934 முதல் வரைந்த 'டெர்ரி அண்டு த பைரேட்ஸ்' அமெரிக்கச் சாகசத் தொடர்களின் சிகரம். ஒளியையும் நிழலையும் கறுப்பு மையின் திட்டுகளாலேயே காட்டும் முறையை அதில்தான் அவர் பக்குவப்படுத்தினார். கதைமாந்தர்களில் ரேவன் ஷெர்மன் என்ற பெண் 1941 அக்டோபரில் இறந்தபோது வாசகர்கள் இரங்கல் கடிதங்களும் மலர்களும் அனுப்பினார்கள். இத்தனைக்கும் அந்தத் தொடரில் ஒரு கட்டம்கூடக் கேனிஃபுக்குச் சொந்தமில்லை, எல்லாம் சிண்டிகேட்டுடையது. 1946 இறுதியில் அதை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்தார். அடுத்த மாதமே, தமக்கே உரிமையுள்ள 'ஸ்டீவ் கேன்யன்' தொடரைத் தொடங்கி, 1988-இல் இறக்கும் வரை வரைந்தார். டெர்ரியை ஜார்ஜ் வுண்டர் என்பவர் 1973 வரை இழுத்துச் சென்றார். ஆனால் இன்று கேனிஃபின் பன்னிரண்டு ஆண்டுகளைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள்.

'கால்வின் அண்டு ஹாப்ஸ்' வரைந்த பில் வாட்டர்சன் இதன் மறுகோடி. 1985 நவம்பரில் தொடங்கி 1995 டிசம்பர் 31 அன்று, புகழின் உச்சியில், தாமே நிறுத்திக்கொண்டார். ஹாப்ஸ் புலியைப் பொம்மையாகச் செய்து விற்றிருந்தால் கோடிகள் கொட்டியிருக்கும். சட்டப்படி அந்த உரிமை சிண்டிகேட்டிடம்தான் இருந்தது. பல ஆண்டுகள் மல்லுக்கட்டி அதை மீட்டு, அதன்பின் ஒரு குவளையில்கூடப் படத்தை அச்சிட விடவில்லை. கார்களின் பின்கண்ணாடியில் நீங்கள் பார்க்கும் கால்வின் ஒட்டுப்படங்கள் எல்லாம் திருட்டு.

விதிவிலக்கும் உண்டு. லயன் காமிக்ஸின் முதல் இதழில் 1984-இல் நமக்கு அறிமுகமான சாகச நாயகி மாடஸ்தி, லண்டன் 'ஈவினிங் ஸ்டாண்டர்ட்' நாளிதழில் 1963-இல் பிறந்தவள். அவளை வரைந்த ஜிம் ஹோல்டவே 1970-இல், ஒரு கதை ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று இறந்துவிட்டார். ஸ்பெயின் நாட்டவரான என்ரிக் படியா ரொமேரோ அந்தக் கதையின் நடுவிலேயே தூரிகையை வாங்கிக்கொண்டார். தொடர் நிலைகுலையவில்லை என்றால், எழுதிய பீட்டர் ஓ'டானல் தொடக்கம் முதல் 2001-இல் முடியும் வரை அதே மனிதர் என்பதே காரணம்.

பெண்கள் யாரும் படத்தொடர் வரையவில்லையா? — வாசகி, மதுரை

வரைந்தார்கள், சிலர் பெயரை மாற்றிக்கொண்டு வரைந்தார்கள். டாலியா மெஸிக் தம் படங்களை அனுப்பியபோதெல்லாம் பெண் என்று தெரிந்ததும் பத்திரிகையாசிரியர்கள் திருப்பி அனுப்பினார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் பொருந்தும் டேல் என்ற பெயருக்கு மாறினார். அவருடைய 'பிரெண்டா ஸ்டார்' என்னும் பெண் செய்தியாளரின் தொடர் 1940 ஜூன் 30 அன்று தொடங்கியது. சிண்டிகேட்டின் தலைவர் ஜோசப் பாட்டர்சன் அதை விரும்பவில்லை. தாம் நடத்திய நியூயார்க் 'டெய்லி நியூஸ்' இதழில் தம் ஆயுள் வரை அதற்கு இடமே தரவில்லை. மெஸிக் 1980 வரை அதை வரைந்தார். அவருக்குப் பின்னும் பெண்களே எழுதியும் வரைந்தும் 2011 வரை தொடர்ந்தார்கள். பிரெண்டாவுக்குத் தொடரில் 1976-இல் திருமணம் நடந்தபோது, அமெரிக்க அதிபர் ஃபோர்ட் வாழ்த்துத் தந்தி அனுப்பினார்.

கறுப்பின வாசகர்களுக்கான 'பிட்ஸ்பர்க் கூரியர்' இதழில் 1937-லேயே 'டார்ச்சி பிரவுன்' தொடரை வரைந்த ஜாக்கி ஓர்ம்ஸின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். அவரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

உங்களுக்குப் பிடித்த ஒரே ஒரு தொடரைச் சொல்லுங்கள். மழுப்பக் கூடாது. — வாசகர், நாகர்கோவில்

'கிரேஸி கேட்'.

பூனைக்கு எலியின்மேல் காதல். எலிக்கோ பூனையின் தலையில் செங்கல் எறிவதே வாழ்வின் இலட்சியம். செங்கல் வந்து விழும்போதெல்லாம் அதைக் காதலின் அடையாளம் என்று பூனை பூரித்துப்போகும். பூனையின்மேல் அன்புகொண்ட நாய்க் காவலர் எலியைப் பிடித்துச் சிறையில் அடைப்பார். அவ்வளவுதான் கதை. இதை ஜார்ஜ் ஹெரிமன் 1913 முதல் 1944 வரை முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரைந்தார், ஒரு நாளும் அலுக்காமல்.

தொடக்கமே வேடிக்கையானது. 1910-இல் அவர் வரைந்துவந்த வேறொரு குடும்பத்தொடரின் அடிப்பகுதியில், இடம் மீந்ததால், எலி ஒன்று பூனைமேல் கல்லெறிவதுபோல் கிறுக்கினார். அந்தக் கிறுக்கல் மேலே இருந்த குடும்பத்தையே விழுங்கிவிட்டது. பின்னணியாக அரிசோனாவின் பாலைவனப் பாறைகள். ஒரு கட்டத்தில் பகல், பேசிக்கொண்டே அடுத்த கட்டத்துக்குப் போனால் இரவு. மரம் நின்ற இடத்தில் குன்று, குன்று நின்ற இடத்தில் பூந்தொட்டி. யாரும் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ள மாட்டார்கள். பூனை ஆணா பெண்ணா என்பதும் சொல்லப்படவில்லை. பல ஊர்களின் பேச்சுவழக்குகளைக் கலந்து பூனை பேசும் மொழியைத் தமிழில் கொண்டுவர நானும் சில மாலைகள் முயன்றிருக்கிறேன். நெல்லை வழக்கில் தொடங்கிச் சென்னை வழக்கில் முடிந்தது. வெளியே காட்டும் நிலையில் இல்லை.

பொதுமக்களுக்கு இது பெரிதாகப் பிடிக்கவில்லை; பல பத்திரிகைகள் நிறுத்திவிட்டன. ஆனால் ஹெர்ஸ்டுக்குப் பிடித்திருந்தது. ஓவியர்களை விலைபேசி இழுத்தவர், நீதிமன்றம் ஏறியவர் என்று மேலே நான் பழித்த அதே ஹெர்ஸ்ட், ஆதாயம் பாராமல் ஹெரிமனைக் கடைசி வரை வரையவிட்டார். 1944 ஏப்ரலில் ஹெரிமன் இறந்தபோது, வேறு கையைத் தேடாமல் தொடர் நிறுத்தப்பட்டது. முன்பே வரைந்து வைத்திருந்த ஞாயிறு படங்கள் ஜூன் மாதம் வரை வெளிவந்தன.

ஹெரிமன் நியூ ஆர்லியன்ஸில் கலப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். பிறப்புப் பதிவேட்டில் அவர் கறுப்பினத்தவர் என்றே குறிக்கப்பட்டிருந்தது, அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு 1971-இல்தான் வெளியே தெரிந்தது. உடன் வேலை செய்தவர்கள் அவரைக் கிரேக்கர் என்று நினைத்திருந்தார்கள். நிறம் மாறும் வானத்தையும் உருமாறும் பாறைகளையும் அதன் பிறகு நான் வேறு கண்ணோடு பார்க்கிறேன்.

பத்திரிகை வராத நாளில் வானொலியில் படத்தொடர் வாசித்தார்களாமே? — வாசகர், காஞ்சிபுரம்

நியூயார்க்கில் 1945 ஜூலையில் பத்திரிகை விநியோகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, நகர மேயர் ஃபியோரெல்லோ லா கார்டியா வானொலியில் உட்கார்ந்து 'டிக் ட்ரேசி' உள்ளிட்ட தொடர்களைக் குரலை ஏற்றி இறக்கி நடித்தே வாசித்தார். பிள்ளைகள் ஏமாறக் கூடாது என்பதற்காக!

'கன்னித்தீவு'தான் உலகிலேயே நீண்ட நாள் வந்த படத்தொடரா? — மூன்று வாசகர்கள்

வயதில் மூத்தவை உண்டு. தினத்தந்தியில் சிந்துபாத் தன் பயணத்தைத் தொடங்கியது 1960-இல். அமெரிக்காவின் 'கேசொலைன் ஆலி' 1918-இலிருந்து வருகிறது. ஆனால் ஒப்பிடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கச் சாகசத் தொடர்களில் ஒரு கதை சில மாதங்களில் முடிந்து அடுத்தது தொடங்கும். மந்திரவாதி மூசா பொம்மையளவுக்குச் சுருக்கிவிட்ட இளவரசி லைலாவைச் சுமந்துகொண்டு ஊர் சுற்றும் சிந்துபாத்துக்கு அந்த இளைப்பாறல் கிடையாது. ஒரே நூலில் கதை போய்க்கொண்டே இருக்கிறது. முடியாத வேலையைக் 'கன்னித்தீவு மாதிரி' என்று சொல்லும் வழக்கு நம் வீடுகளில் சும்மா வரவில்லை.

இந்தப் பாத்திரங்களுக்கு வயதே ஆகாதா? — வாசகி, சேலம்

சார்லி பிரவுனுக்கு ஆகவில்லை. கால்வினுக்கு என்றும் ஆறு வயது. மாயாவியின் வழி தனி: இப்போதிருப்பவர் 21-ஆவது மாயாவி, 1536-இல் முதலாமவர் எடுத்த உறுதிமொழி தந்தையிடமிருந்து மகனுக்கு வந்துகொண்டிருக்கிறது.

வயது ஏறுவதையே கதையாக்கியது, மேலே சொன்ன 'கேசொலைன் ஆலி'. கார்களைப் பழுதுபார்த்துப் பேசிக்கொண்டிருக்கும் ஆண்களின் தொடராக அதை ஃபிராங்க் கிங் தொடங்கினார். பெண் வாசகர்களையும் ஈர்க்கக் குழந்தை ஒன்று வேண்டும் என்று பத்திரிகை கேட்டது. கதாநாயகன் வால்ட்டோ பிரமச்சாரி. ஆகவே 1921 பிப்ரவரி 14 அன்று அவன் வீட்டு வாசலில் யாரோ ஒரு குழந்தையை விட்டுச்சென்றார்கள். ஸ்கீசிக்ஸ் என்று அழைக்கப்பட்ட அந்தக் குழந்தை, வாசகர்களின் பிள்ளைகளைப் போலவே ஆண்டுக்கு ஓர் ஆண்டு வளர்ந்து, பள்ளிக்குப் போய், இரண்டாம் உலகப்போரில் சண்டையிட்டு, மணம் முடித்து, பிள்ளைகளும் பெற்றது. ஃபிராங்க் கிங்குக்குப் பிறகு தூரிகை கைமாறியும் காலம் நிற்கவில்லை. வால்ட்டின் மனைவி ஃபிலிஸ் 2004-ஆம் ஆண்டு, தள்ளாத வயதில், தொடருக்குள்ளேயே இறந்துபோனாள். நூறு வயதைக் கடந்த வால்ட் அவளுக்குப் பின்னும் கட்டங்களுக்குள் நடமாடிக்கொண்டிருந்தார்.